அப்கிரேட் முடிஞ்ச ராத்திரி வைஃபை காணாமப் போச்சுங்க

20ஆம் தேதி ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு கடைசிக் கணக்கோட 3பி, அதான் மாசாமாசம் ஏத்தற ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஏறி, ஏறுனதுக்கு அத்தாட்சியான ஏஆர்என் நம்பர் ஸ்கிரீன்ல வந்ததுக்கப்பறந்தான் சோறே உண்டேனுங்க. லேப்டாப்பை விண்டோஸ் 11க்கு மாத்திட்டு மூணு நாளா பட்ட பாட்டை மறக்கறதுக்குள்ள எழுதி வச்சர்றேன். என்னையாட்ட ஒத்த லேப்டாப்பை நம்பிக் கணக்கெழுதற யாருக்காச்சும் உதவும்.

நமக்கு காங்கயம். ஒம்பது பேருக்கு கணக்குப் பாக்கறேன். ஆறு பேரு தேங்காய்க் களம் வச்சிருக்கறவங்க, ரெண்டு எண்ணெய் மில்லு, ஒரு அரிசி மில்லு. லேப்டாப்பு 2019ல வாங்குனது, எட்டாவது ஜென் ப்ராசஸர், அதனால விண்டோஸ் 11க்கு தகுதி இருக்குதுன்னு ரொம்ப நாளாவே காட்டிக்கிட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. பேங்க் லாகின், களத்துக்காரங்களோட டிஎஸ்சிங்கற டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் போடற மெஷினை செக்யூரிட்டி அப்டேட் இல்லாம ஓட்டறது தப்புன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நவம்பர் 17 சாயங்காலம் சோலி சித்த கொறைவா இருந்ததால அப்கிரேடை அமுத்தி விட்டுட்டேன். டவுன்லோடு, இன்ஸ்டால், மூணு ரீஸ்டார்ட், எல்லாம் கடகடன்னு முடிஞ்சுது, கணக்கெழுதற டேலி சாஃப்ட்வேர் ஓடுச்சு, ஃபைலெல்லாம் வச்ச எடத்துலயே இருந்துச்சு.

வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் கம்மின்னோ பாஸ்வேர்டு தப்புன்னோ இல்லைங்க, வைஃபைங்கற பட்டனே இல்லை. கீழ வலதுபக்கம் உருண்டையா ஒரு பூகோளப் படம், அதைத் தொட்டா ஏரோப்ளேன் மோடு மட்டும் இருக்குது, பக்கத்துல வைஃபை இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்லை. ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ரௌட்டரைப் புடுங்கி மாட்டிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கலை. ஃபோன்ல அதே வைஃபை ஜம்முனு வருது. அப்பவே நான் புரிஞ்சிருக்கோணும், கோளாறு லேப்டாப்புக்குள்ள, லைன்லயோ ரௌட்டர்லயோ இல்லைன்னு. இதை எல்லாருக்கும் மொதல்ல சொல்லிக்கறேன்: ஃபோன்ல நெட்டு வருதுன்னா ரௌட்டரை உட்டுருங்க, அதுகிட்டப் போயி நேரத்தைக் கொல்லாதீங்க.

ஆனா நான் அடுத்த நாள் காலைல நெட்டு கம்பெனிக்கு ஃபோன் போட்டுட்டேன். இருபது நிமிசம் பாட்டுக் கேட்டதுக்கப்பறம் ஒருத்தர் வந்தாரு. "ஃபோன்ல வருதுங்க, லேப்டாப்புல மட்டுந்தான் வரலை"ன்னு மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் ரௌட்டர்ல எந்த லைட்டு எரியுதுன்னே கேட்டாரு. கடைசியா லேப்டாப்புல நெட்வொர்க் ரீசெட் கொடுக்கச் சொன்னாரு, நானும் கொடுத்துட்டேன். அது என்ன பண்ணுமுன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலைங்க. சேமிச்சு வச்ச வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போயிரும், வைஃபை பிரின்டருக்காக லேப்டாப்புல நாம கையால போட்ட ஐபி செட்டிங் போயிரும், விபிஎன் இருந்தா அதுவும் மறுபடி போடற மாதிரி ஆயிரும். எனக்கு ரெண்டு மில்லு ஆபீஸோட பாஸ்வேர்டு அதுல இருந்துச்சு, ரெண்டும் போச்சு. ரீசெட்டுங்கறது எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டு கடைசியாத்தான் தொடோணும். மத்தியானம் லைன்மேன் தம்பி ஒருத்தர் நல்ல வெய்யில்ல வந்தாரு, அவரு ஃபோன்ல ஸ்பீடு பாத்துட்டு "நல்லாத்தானுங்க்கா வருது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு மேல தப்பில்லை, அவரைத் தாட்டிவிட்டவங்க மேலதான் எனக்கு வருத்தம்.

அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு எண்ணெய் மில்லுக்காரரு கூப்புட்டாரு. "அம்மிணி, பெங்களூரு லோடுங், தார்ப்பாய் கட்டி லாரி ரெடியா நிக்குது, ஈவே பில்லு மட்டும் போட்டுக் குடுத்துருங்." வெளி ஸ்டேட்டுக்குப் போற சரக்கு 50,000 ரூவாய்க்கு மேல இருந்தா ஈவே பில்லு இல்லாம வண்டி நகரக்கூடாது, வழியில மடக்குனா அபராதம். லேப்டாப்புல ஒரு அஞ்சு நிமிச வேலை. ஃபோன்ல அந்த சைட்டைத் தொறந்து, விரல் கொண்டு பெருசு பண்ணிப் பெருசு பண்ணி, சரக்கோட ஹெச்எஸ்என் கோடு, வண்டி நம்பர், பின்கோடுன்னு ஒவ்வொரு கட்டமா அடிச்சு முடிக்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல செஷன் முடிஞ்சு போயி ரெண்டு தடவை மொதல்ல இருந்து. டிரைவரு அதுக்குள்ள மூணு தடவை கூப்புட்டுட்டாரு. அவரு கோவமா பேசலை, ஆனாலும் நம்மனால ஒரு வண்டி நிக்குதேன்னு எனக்கு வெசனமா போச்சு.

19ஆம் தேதி காலைல லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு திருப்பூர் பஸ் ஏறுனேன். அடுத்த நாள் 3பிக்கு கடைசி நாளு. தாண்டுனா நாளொண்ணுக்கு 50 ரூவா, அதுபோக கட்டாத வரிக்கு வருசத்துக்கு 18 சதம் வட்டி, இதெல்லாம் அவங்க காசு, என்ற கவனக்குறைவுல அவங்க கட்டறதை நான் எப்படி ஒத்துக்க முடியும். நல்லூரு தாண்டி ட்ராபிக்ல அரை மணி நேரம், கடைக்குப் போறப்ப பதினொண்ணு. கடைப் பேரு வேண்டாமுங்க. அங்க இருந்தவரு லேப்டாப்பைத் தொறந்தாரு, கீழ அந்த உருண்டைப் படத்தைப் பாத்தாரு, மூடிட்டாரு. "வைஃபை கார்டு போயிருச்சுங்க மேடம், மாத்தோணும், 2,800 ஆகும், மூணு நாளு வச்சுட்டுப் போங்க. மாத்தியும் வரலைன்னா ஃபார்மட் அடிச்சுரலாம்." முந்தாநேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுன கார்டு அப்கிரேட் முடிஞ்ச அதே நிமிசத்துல எப்படிங்க போகுமுன்னு கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தானுங்க"ன்னாரு. உள்ள இருக்கற பாகமெல்லாம் சரியா ஓடுதான்னு காட்டற டிவைஸ் மேனேஜரைக் கூட அவரு தொறந்து பாக்கலைங்க, அதுதான் எனக்கு இன்னமும் ஆறலை. ஒம்பது பேரு கணக்கு இருக்கற மெஷினை ஃபார்மட்டுன்னு ஒத்தை வார்த்தையில சொல்றாங்க. செக் பண்ணுனதுக்கு 200 ரூவா வாங்கிக்கிட்டாங்க. படியூர் கிட்ட வாரப்ப நல்ல மழை, பையை மடியில வச்சுக் கட்டிப் புடிச்சுக்கிட்டே வந்து சேந்தேன்.

எங்க வீதியில ஒரு தம்பி இன்ஜினியரிங் படிக்கறான், ஹாஸ்டல்ல இருக்கறான். சாயங்காலம் அவங்கம்மா சொல்லி அவனே கூப்புட்டான். எல்லாத்தையும் கேட்டுட்டு மொதல்ல சொன்னது, "அக்கா, ஃபோனை சார்ஜர் வயர்ல லேப்டாப்போட மாட்டுங்க, ஹாட்ஸ்பாட் செட்டிங்குக்குள்ள யூஎஸ்பி டெதரிங்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க." பண்ணுனேன். பத்து செகண்டுங்க, நெட்டு வந்துருச்சு. வயர்ல வார நெட்டை லேப்டாப்பு லேன் கேபிளாட்டத்தான் எடுத்துக்கும், அதுக்கு வைஃபை கார்டும் வேண்டியதில்லை, அந்தக் கார்டை ஓட்டற சாஃப்ட்வேரான வைஃபை டிரைவரும் வேண்டியதில்லை. வெறும் சார்ஜ் மட்டும் ஏத்தற வயரா இருந்தா வேலைக்காகாது, டேட்டா போற வயரா பாத்துக்கோணும். ரெண்டு நாளா இதை ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா லாரியும் நின்னுருக்காது, திருப்பூருக்கும் போயிருக்க மாட்டேன். அன்னைக்கு ராத்திரியே நாலு பேரு 3பியை ஃபோன் நெட்டுலயே ஏத்திட்டேன். அவங்களைக் கூப்புட்டு ஓடிபி கேக்கறப்ப என்ற குரல்லயே தெம்பு வந்துருச்சு.

அப்பறம் தம்பி டிவைஸ் மேனேஜரைத் தொறக்கச் சொன்னான். ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணுனா வரும். நெட்வொர்க் அடாப்டருங்கறதுக்குள்ள வைஃபை பேருக்கு முன்னால சின்னதா ஒரு மஞ்ச முக்கோணம், ரெண்டு தடவை கிளிக் பண்ணுனா 'இந்த டிவைஸ் ஸ்டார்ட் ஆகலை, கோடு 10'. டிரைவர்ங்கற பக்கத்துல தேதி பாத்தா 2018. அதான் விசயம். அப்கிரேட் பண்றப்ப 10ல இருந்த பழைய டிரைவர் அப்படியே 11க்குக் கூடவே வந்துருச்சு, என்ற லேப்டாப்புல அது ஓட மாட்டேங்குது. கார்டுக்கு ஒண்ணுமே இல்லை. கார்டே போயிருந்தா பெரும்பாலும் அந்தப் பேரே லிஸ்ட்ல இருக்காதுன்னு தம்பி சொன்னான், இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, 2,800 ரூவா மிச்சம்.

லேப்டாப்பு கம்பெனி சைட்டுல சீரியல் நம்பர் போட்டா விண்டோஸ் 10க்கு மட்டுந்தான் டிரைவர் இருக்குது, என்ற மாடலுக்கு 11 போடவே இல்லை. கடைசியா கெடைச்சது விண்டோஸ் அப்டேட்டுக்குள்ளயே. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள ஆப்ஷனல் அப்டேட்ஸ், அதுக்குள்ள டிரைவர் அப்டேட்ஸ்னு மூணு கதவு தாண்டி உள்ள ஒக்காந்திருந்துச்சு. நெட்டு இருந்தாத்தான் அது கண்ணுக்கே தெரியும், அதனாலதான் டெதரிங் மொதல்ல. போட்டேன், வரலை. தேதி மாறாம 2018லயே நிக்குது. பழசை வேரோட புடுங்காம புதுசு ஒக்காராதுன்னு தம்பி சொன்னான். அன்இன்ஸ்டால் கொடுக்கறப்ப, டிரைவரையும் சேத்து அழிக்கட்டுமான்னு சின்ன எழுத்துல ஒரு கட்டம் கேக்கும், அதுல டிக் அடிச்சாத்தான் பழசு போகும், இல்லைன்னா ரீஸ்டார்ட் ஆகி மறுபடி அதேதான் வந்து ஒக்காந்துக்கும். அப்பறம் ஷிஃப்டை அமுத்திக்கிட்டே ஷட்டவுன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புன்னு ஒண்ணு இருக்கறதுனால நாம சாதாரணமா ஷட்டவுன் பண்றப்ப விண்டோஸ் முழுசா அணையறதில்லையாம், பாதி தூக்கத்துல போயிக்குதாம். ஷிஃப்டோட கொடுத்தா முழுசா அணையும். ஆன் பண்ணி ஆப்ஷனல் அப்டேட்டை மறுபடி போட்டேன். மஞ்ச முக்கோணம் மறைஞ்சுது. கீழ அந்த விசிறியாட்ட வைஃபை கோடு மூணும் வந்து நின்னப்ப மணி பன்னெண்டரை, கத்தோணும்போல இருந்துச்சு, ஊட்ல எல்லாரும் தூங்கறாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேனுங்க. 20ஆம் தேதி காலைல ஒக்காந்தா, ஏழெட்டு நிமிசத்துக்கொருக்கா கட் ஆகுது, தானா திரும்ப வருது. மத்த வேலைக்கு இது பெருசில்லை, ஜிஎஸ்டி போர்ட்டல்ல அப்படியில்லை. ஓடிபி வந்து அடிக்கறப்ப கட் ஆச்சுன்னா அந்த ஓடிபி வீணு, களத்துக்காரரைத் திரும்பக் கூப்புடோணும். ஒருத்தரு உரி மட்டை எடை போட்டுக்கிட்டு இருந்தவரு, மூணாவது தடவை கூப்புட்டப்பவும் "பரவால்லீங் அம்மிணி, சொல்றனுங்"ன்னு பொறுமையா நம்பர் சொன்னாரு. மறுபடி டெதரிங்ல போட்டுக்கிட்டு வேலையை ஓட்டுனேன்.

இந்த எடத்துல தம்பி ஒரு நல்ல கருவியைச் சொல்லிக் குடுத்தான். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா தொறந்து 'netsh wlan show wlanreport'னு அடிச்சா, கடைசி மூணு நாளு வைஃபை எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, எதனால போச்சுன்னு ஒரு பக்கமா போட்டுக் குடுத்துரும். பேங்க் ஸ்டேட்மென்ட் பாக்கறாப்புல வரிவரியா பாத்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் நேரா 'டிரைவர் துண்டிச்சுது'ன்னே இருக்குது. ரௌட்டர் துண்டிச்சுதுன்னு ஒரு வரி கூட இல்லை. கஸ்டமர் கேர்ல யாராச்சும் ரௌட்டரை மாத்தச் சொன்னா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

காரணம் கரண்டு மிச்சம் பண்றது. புது டிரைவர் போட்டதும் அடாப்டரோட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல, 'கரண்டு மிச்சம் பண்ண இந்த டிவைஸை கம்ப்யூட்டர் அணைச்சுக்கலாம்'ங்கற டிக் தானாவே விழுந்திருந்துச்சு. அதை எடுத்தேன். பவர் ப்ளான்ல வயர்லெஸ் அடாப்டருங்கறதுக்குக் கீழ மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் வச்சேன். கன்ட்ரோல் பேனல்ல போயி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திட்டேன். மத்தியானம் ரெண்டு மணியில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு கட்டு இல்லைங்க. மிச்சம் அஞ்சு பேருதும் வைஃபைலயே ஏறுச்சு.

இன்னும் ரெண்டு சொல்லோணும். அப்கிரேட் பண்ணி பத்து நாளைக்குள்ள ரெக்கவரிங்கற எடத்துல 'கோ பேக்' கொடுத்தா பழைய 10க்கே திரும்பிக்கலாம், ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது, நடுவுல போட்ட சாஃப்ட்வேர், டிரைவர், மாத்துன செட்டிங் மட்டும் போகும். ஆனா எடம் பத்தலைன்னு டிஸ்க் க்ளீனப்ல 'முந்தைய விண்டோஸ்'ங்கறதை அழிச்சுட்டீங்கன்னா அந்த வழி அடைஞ்சுது, அந்தப் பத்து நாளு அதைத் தொடாதீங்க. அப்பறம், நான் அவசரமே பட்டிருக்க வேண்டியதில்லை. ஊட்ல வச்சிருக்கற விண்டோஸ் 10 மெஷினுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பு குடுக்கறதா 2025ல அறிவிச்சிருந்தாங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சைன்இன் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் வச்சா காசில்லாமயே சேந்துக்கலாமுன்னாங்க. இது தெரிஞ்சிருந்தா 17ஆம் தேதி நான் அதைத் தொட்டே இருக்க மாட்டேன், 20 தாண்டி 25ஆம் தேதிக்கு மேல நிதானமா பண்ணியிருப்பேன்.

வெள்ளகோவில்ல தங்கச்சி ஊட்டு லேப்டாப்பு இன்னும் 10லதான் இருக்குது, நேத்து ராத்திரியே ஃபோன் பண்ணி, நான் வார வரைக்கும் அந்த அப்கிரேட் பட்டனைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பென்டிரைவோட போறேன். அவ மாடலுக்கு 11க்கான வைஃபை டிரைவரை மொதல்லயே எறக்கி அதுல போட்டு வச்சுட்டு, இருக்கற டிரைவரையெல்லாம் 'பிஎன்பி யூட்டில்' எக்ஸ்போர்ட் கமாண்டுல ஒரு ஃபோல்டர்ல எடுத்துக்கிட்டு, அப்பறந்தான் கை வைக்கோணும். நாளைக்கு எனக்கு பிரின்டருக்காக லேப்டாப்புல ஐபி திரும்பப் போடற வேலை இருக்குது, ரெண்டு மில்லுக்கும் போயி பாஸ்வேர்டும் கேட்டு வாங்கோணும்.