மயில் ஆடிய துறையில் கடைமுழுக்கு

அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் ஐப்பசி கடைசி நாளில் காவிரியில் நீராடும் கடைமுழுக்குக்குக் கூட்டி வருகிறேன் என்று மாயூரநாதர் கோயில் அம்பாள் அபயாம்பிகையிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரை 1982-லேயே மயிலாடுதுறை என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னமும் மாயவரம்தான்.

துலாக்கட்டத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் தண்ணீர் ஓடியதே பாக்கியம். படி இறங்குவதற்குள் "சங்கல்பம் பண்ணிக்கோங்கம்மா" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருவர் முதலில் ஒரு தொகை சொல்லி, அம்மா முழுகி எழுந்ததும் வேறு தொகை கேட்டார். சரி, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாக்குவாதம் என்று கொடுத்துத் தொலைத்தேன்.

தட்சன் யாகத்துக்குப் போய் அவமானப்பட்ட அம்பாள், மயிலாகிப் பூஜித்த கரை இது. ஐயனும் மயிலாக வந்து கூட ஆடினார். சம்பந்தர் "வரமா மயிலாடு துறையே" என்று பாடிய ஊர் வடமொழியில் மாயூரம் ஆனது, வாய்ப்பேச்சில் மாயவரம் ஆனது. மாயூரத்தில் மயில் மட்டும்தான் மிச்சம். ஆட்டமும் போச்சு, துறையும் போச்சு. ஈரப் புடவையோடு அந்தப் படியில் நின்றபோதுதான் சம்பந்தர் வைத்திருந்த பெயரின் அருமை எனக்கு உறைத்தது. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள்!

மாயூரநாதர் சன்னிதியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் நகர்த்திவிட்டார்கள். அம்பாள் சன்னிதி வரிசையோ ஊர்ந்தது. எங்கள் முறை வந்ததும் தீபாராதனை. அம்மா கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கால் நடுங்கவில்லை. பின்னாலிருந்து "நகருங்கம்மா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அவர் காதில் விழவில்லை. குருக்கள் அம்பாள் மேலிருந்த சாமந்தி ஒன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு எதிரில் ஒன்றும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். 'அஞ்சாதே' என்று அபயம் தருகிறவள், அஞ்சல் நாயகி என்று அவளை அழைப்பது சும்மா இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அப்புறம் கிளம்பலாம் என்றால் அம்மா மசியவில்லை. "நாளைக்குக் கார்த்திகை ஒண்ணு, முடவன் முழுக்கு. எனக்காகவே சாமி வச்ச நாளு" என்று சிரிக்கிறார். கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக இறைவன் மறுநாளும் முழுக்கின் பலனைத் தந்தார் என்பது கதை. லாட்ஜில் அறை இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். மறுநாள் விடியலில் நெரிசல் குறைவு. அம்மா என் தோளைப் பிடித்து இறங்கி ஆசை தீர முழுகினார். தாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! தை பிறந்ததும் அபிஷேகத்துக்கு வருகிறோம்.