குகை ஓவிய வினாவுக்கு விடை எழுதுவதற்கு முன்

முதுகலைக் கலை வரலாற்றின் முதல் உள்தேர்வில், பிரான்சிலுள்ள பழைய கற்கால லாஸ்கோ குகையின் கிணறு போன்ற ஆழப்பகுதியில் உள்ள ஓவியத்தின் படத்தைக் கொடுத்து, காட்சிப் பண்பாட்டு நோக்கில், அதாவது படம் எப்படி, எந்தச் சூழலில் பார்க்கப்பட்டது என்ற கண்ணோட்டத்தில், ஆராயச் சொல்லியிருந்தார்கள். படத்தை அரை நிமிடம்கூடப் பார்க்காமல், பழைய கற்கால மக்கள் வேட்டை கைகூடுவதற்காகவே விலங்குகளை மந்திரச் சடங்காக வரைந்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதினைந்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளின் ஓரத்தில், "தின்றது எதை, வரைந்தது எதை?" என்று மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அதன் பொருள் நூலகத்தில்தான் விளங்கியது. லாஸ்கோவில் கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பகுதி பனிமானுடையவை. சுவர்களிலோ குதிரைகளும் காட்டு மாடுகளுமே நிறைந்திருக்க, பனிமானைக் காண்பதே அரிது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குகை ஓவிய ஆய்வாளரான பாதிரியார் ஹென்றி ப்ரேய் முன்னெடுத்த வேட்டை மந்திர விளக்கம் இந்த இடத்தில் இடறுகிறது. பின்வந்த கொள்கைகளையும் அவற்றின் இடறல்களோடு சேர்த்தே படியுங்கள். ஓவியங்கள் எளிய பாணியிலிருந்து படிப்படியாக முதிர்ந்தன என்று பிரெஞ்சு ஆய்வாளர் லெருவா-கூரான் வகுத்த பாணி வரிசை, 1994இல் பிரான்சில் கண்டறியப்பட்ட ஷோவே குகையின் முதிர்ந்த ஓவியங்கள் மிகப் பழையவை என்று தெரிந்தபின் நிலைகுலைந்தது. சடங்குகளில் மெய்மறந்த நிலையில் கண்ட காட்சிகளே ஓவியங்களாயின என்னும் ஆய்வாளர் லூயிஸ்-வில்லியம்ஸின் விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் எதற்கும் பொருந்திவிடுகிற விளக்கத்தை நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

எனக்கு உண்மையில் கண் திறந்தது ஒரு துணி சோப்புக் கட்டியால். 1908இல் ஆஸ்திரியாவில் கிடைத்த 'வில்லெண்டார்ஃப் வீனஸ்' என்னும் பழைய கற்காலப் பெண் உருவச் சிற்பத்தைப் பாடநூலின் முழுப்பக்கப் படத்தில் பார்த்துப் பெரிய சிலை என்றே நினைத்திருந்தேன். அதன் உயரம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான். அந்த அளவுக்கு சோப்பைச் சீவி உருவம் செய்து மேசையில் நிறுத்தினேன். மூலத்தைப் போலவே பாதங்கள் இல்லாததால் சாய்ந்து விழுந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான், இது எட்ட நின்று பார்ப்பதற்கான சிலையாக இருந்திராது, பிடித்துத் தடவிப் பார்ப்பதற்கான பொருளாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு பெண் குனிந்து தன் உடலையே பார்த்துச் செதுக்கியது என்னும் ஆய்வாளர் மெக்டெர்மாட்டின் கருத்தையும் அப்படியே சோதித்தேன். மார்பும் வயிறும் ஓரளவு ஒத்துவருகின்றன. ஆனால் மிக நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருப்பது தலையைச் சுற்றிய பின்னல் போன்ற வரிசைகள் அல்லவா, தன் உச்சந்தலையைத் தானே எப்படிப் பார்ப்பது? 'வீனஸ்' என்ற ரோமானியத் தெய்வத்தின் பெயரும் நம் காலத்தவர் சூட்டியதே. அதைத் தெய்வம் என்பதற்குச் சான்றாக எழுதிவிடாதீர்கள்.

ஆகவே, விடையின் முதல் பக்கத்தைக் கண்ணால் கண்டதற்கே ஒதுக்குங்கள். மறுதேர்வில் அதே படம் வந்தபோது நான் அப்படித்தான் தொடங்கினேன்: குடல் சரிந்த காட்டெருது; அதன் முன் பறவைத் தலையோடு பின்னோக்கிச் சாயும் மனிதன்; அவன் கைகளில் நான்கு நான்கு விரல்கள்; அருகே கோலின் மேல் ஒரு பறவை; இடப்புறம் விலகிச் செல்லும் காண்டாமிருகம், அதன் வாலுக்குக் கீழே ஆறு புள்ளிகள். பல நூல்கள் காண்டாமிருகத்தை வெட்டிவிட்டே படத்தை அச்சிடுகின்றன; வெட்டினால் அது வேட்டைக் கதை, சேர்த்தால் கதை குழம்புகிறது என்பதையும் எழுதினேன். அடுத்து, சிலரே ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய அந்த இடுக்கையும், அங்கேயே கிடைத்த கைப்பிடியுள்ள செம்மணற்கல் விளக்கையும் குறிப்பிட்டு, அசையும் சிறு சுடரில் உருவங்கள் ஒவ்வொன்றாகத்தான் தென்பட்டிருக்கும் என்றேன். கொள்கைகள் கடைசி ஒன்றரைப் பக்கத்தில்தான் வந்தன, அதுவும் 'இருக்கலாம்' என்ற சொல்லோடு.

இம்முறை பதினொன்று. ஓவியத்தின் காலத்தை எழுத மறந்ததற்கு இரண்டு மதிப்பெண் போயிற்று.