கேப்டன் மிட்நைட்டும் ஓவல்டின் டப்பாவும்

மார்ச் 3, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. இணையத்தில் பழைய அமெரிக்க வானொலித் தொடர்களைத் துழாவியதில் கேப்டன் மிட்நைட் அகப்பட்டார். முதலில் கடிகார மணி, நிதானமாக, ஒவ்வொன்றாக. மணியோசைக்கு நடுவே ஒரு விமானம் மேலிருந்து பாய்ந்து இறங்குகிறது. அறிவிப்பாளர் பியர் ஆண்ட்ரே பெயரை ஜவ்வு மிட்டாய்போல் இழுக்கிறார்: "கே...ப்டன் மி...ட்நைட்!" பகுதிக்குப் பதினைந்தே நிமிடம். ஒன்றோடு நிறுத்துவதாக எண்ணி நான்கு கேட்டுவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஆளின் இயற்பெயர் ஜிம் ஆல்பிரைட், செல்லமாக 'ரெட்'. முதல் உலகப் போரில் உயிரோடு திரும்பவே மாட்டார் என்று நினைத்து அனுப்பிய வேலையை முடித்துவிட்டு, சரியாக நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கியதால் இந்தப் பெயர். மணியோசையின் ரகசியம் இதுதான்.

எழுதியவர்கள் ராபர்ட் பர்ட், வில்ஃபிரட் மூர். 1938இல் ஸ்கெல்லி என்ற பெட்ரோல் நிறுவனத்தின் தயவில் தொடங்கிய கதை. 1940இல், பாலில் கலக்கும் மாவு விற்கும் ஓவல்டின் அதை ஏற்று, மியூச்சுவல் வானொலி வலையமைப்பு வழியாக அமெரிக்கா முழுவதும் கொண்டுபோனது. எங்கள் பாட்டி வீட்டில் ஓவல்டின் டப்பாவுக்குள் கடுகுதான் இருக்கும். அந்த டப்பாவுக்குப் பின்னால் இப்படி ஒரு விமானி நின்றிருக்கிறார் என்பது பாட்டிக்குத் தெரியாது.

மார்ச் 6, புதன்

கேப்டனைவிட மெக்கானிக் இக்கபாட் மட்டைத்தான் எனக்குப் பிடிக்கிறது. நல்லவர்கள் எல்லாரும் விறைப்பாகப் பேசும் இடத்தில் அவர் ஒருவர்தான் புலம்புகிறார். ஜாய்ஸ் ரயன் என்ற பெண்ணும் கேப்டனின் ரகசியப் படையில் உண்டு. ஆபத்து என்றால் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். வில்லன் ஐவன் ஷார்க், கூடவே அவனுக்குச் சளைக்காத மகள் ஃபியூரி.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும் வில்லன்கள் ஆகிறார்கள். ஜப்பானியர்களைப் பேசவைத்திருக்கும் விதம் காதைக் கூசச் செய்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9, சனி

இன்று முழுவதும் 'கோட்-ஓ-கிராஃப்' ஆராய்ச்சி. ஓவல்டின் டப்பாவின் உள்மூடித் தகட்டை அஞ்சலில் அனுப்பினால், ரகசியப் படையின் உறுப்பினர் வில்லை வீடு தேடி வரும். அதில் எழுத்துக்கும் எண்ணுக்குமாகச் சுழலும் வட்டு. அதுதான் கோட்-ஓ-கிராஃப். நிகழ்ச்சியின் முடிவில் எண்களை வாசிப்பார்கள். பிள்ளைகள் வட்டைத் திருப்பி எழுத்தாக்குவார்கள். கிடைப்பது பெரும்பாலும் நாளைய கதையைப் பற்றிய ஒரு வரி. அவ்வளவுதான்! ஆனாலும் அந்த ஒரு வரி அப்பா அம்மாவுக்குத் தெரியாது. பென்சிலோடு உட்கார்ந்த பிள்ளைக்கு மட்டும் தெரியும். விளம்பரக்காரன் கெட்டிக்காரன்.

1942 வில்லையில் பிள்ளை தன் படத்தையே ஒட்டிக்கொள்ளலாம். போரில் உலோகத் தட்டுப்பாடு. 1943, 1944இல் புதிய வில்லை வரவில்லை, பழையதையே வைத்துச் சமாளித்தார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் மகள் வந்திருந்தாள், எட்டு வயது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு வட்டு வெட்டி, நடுவில் குண்டூசி குத்தினோம்.

"தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு, சித்தப்பா. வட்டு வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிதாகிவிடுமே?"

நல்ல கேள்வி. உயிர் 12, மெய் 18 மட்டும் போதும் என்று முடிவுசெய்தோம். 'நா' என்றால் ந், ஆ என்று இரண்டு எண். ஆய்தத்தைக் கழற்றிவிட்டதில் அவளுக்கு வருத்தம். 'அ'வை 7க்கு நேரே வைப்பது இன்றைய திறவுகோல், 30 தாண்டினால் மறுபடி 1. 'நாளை' 26-8-4-15 ஆனது. மூன்று முறை சரிபார்த்தாள்.

மாலையில் அண்ணி அவளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் திணிக்கப்பட்டது: 27-8-1, 2-14-24-23-8-28.

வட்டைத் திருப்பினேன். 'பால் வேண்டாம்.'