மெஸ் தராசில் தொடங்கிய சுற்றுச்சூழல் வாரம்

கல்லூரியில் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பு கைக்கு வந்து, எங்கே தொடங்குவது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கல்லூரி திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. நான் விடுதி மாணவி, நாட்டு நலப்பணித் திட்டத் தன்னார்வலர். 2024 அக்டோபரில் நாங்கள் நடத்திய வாரத்தில், அனுமதி வாங்கியதிலிருந்து உரக்குழி வெட்டியது வரை கூடவே இருந்தேன்.

முதலில் தேதி. வழக்கமாக ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு சிறப்பு விருந்தினர் வருவார், மரக்கன்று நடுவார், எல்லோரும் உறுதிமொழி எடுப்போம். எங்கள் பக்கத்து வெயில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கன்றின் கதியும் தெரியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும், எங்களுக்குக் காற்றுதான். விடுமுறை முடிந்து பாதிப் பேர் வந்திருக்கவும் மாட்டார்கள். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். கன்று நடுவதானால் அப்போதுதான் நட வேண்டும். அதனால் ஜூன் 5 அன்று உறுதிமொழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அக்டோபருக்குத் தள்ளலாமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டோம். சார் உடனே சரி என்றார். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற எந்த ஊர்க் கல்லூரியும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்து, என்ன செய்வது? கோலப்போட்டி, பேச்சுப்போட்டி, வாசகம் எழுதும் போட்டி என்று பெரிய பட்டியல் வந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதன் தொடர்ச்சியாக இன்று பட்டப்படிப்பில் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் கல்வி ஒரு பாடமாக இருக்கிறது. பசுமை இல்ல வாயுக்களைப் பற்றிப் பரீட்சையில் எழுதாதவர் எங்களில் யாரும் இல்லை. அதையே மேடையில் இன்னொரு முறை ஒப்பிப்பதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவராது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. நாம் தினமும் தொடுகிற ஒன்றை எடுத்து அளந்து பார்ப்போம் என்றேன். அப்படித்தான் மெஸ் முடிவானது.

எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். கொட்டுகிற ஒவ்வொரு கரண்டிச் சோறும் எங்கள் வீட்டுக் காசு. அதைச் சொன்னதுமே, சுற்றுச்சூழல் என்றால் ஒதுங்கிப் போகிற தோழிகள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

அனுமதிக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நல்ல யோசனைகள் அங்கேதான் நின்றுபோகின்றன. துறைத் தலைவர், வார்டன், முதல்வர் என்று முறைப்படி மேலே போக வேண்டும். வார்டன் மேடம் கொஞ்சம் தயங்கினார். கழிவை எடை போடுகிறோம் என்ற பெயரில் சாப்பாடு சரியில்லை என்று புகார் கிளம்பும் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான். எனவே கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "உணவின் தரம் குறித்து யாரிடமும் கருத்துக் கேட்கப்படாது." அந்த ஒரு வரிக்காகத்தான் மேடம் கையெழுத்துப் போட்டார். முதல்வருக்கு வேறு இரண்டு விஷயங்கள் உதவின. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையைப் பிரித்து, மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று இருந்தது. அதை எடுத்துக் காட்டினோம். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் (NAAC) மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலில் கழிவு மேலாண்மைக்கு இடம் உண்டு என்பதையும் எழுதினோம். கல்லூரிக்கு என்ன பயன் என்பது கடிதத்தில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டால் இன்னும் நல்லது.

பிறகு சமையல்கட்டு. மாஸ்டரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தராசும் வாளியுமாக யாரோ வந்து நிற்பதை எந்தச் சமையல்காரரும் விரும்ப மாட்டார். அதனால் எடை போடத் தொடங்கும் முன்னாலேயே அவரிடம் போய், எதற்காகச் செய்கிறோம் என்று சொன்னோம். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, வெள்ளிக்கிழம சாயங்காலம் எத்தன பிள்ளைய ஊருக்குப் போவுதுன்னு எங்கிட்ட யாரு சொல்லுதா? நான் முழுக் கணக்குக்குத்தான் உலை வைக்கேன்." அந்த வாரத்தில் நான் கேட்டவற்றில் மிக முக்கியமான பேச்சு இதுதான்.

எடை போடும் முறை இது. ஒரு காய்கறிக் கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு இரவல் வாங்கினோம். நான்கு வாளிகள்: வெட்டும்போது விழுகிற தோல், தண்டு ஒன்றில், பரிமாறாமல் பாத்திரத்திலேயே மீந்தது ஒன்றில், தட்டில் மீந்தது ஒன்றில், பால் பாக்கெட், காகிதம் போன்ற மற்றவை ஒன்றில். காலி வாளியின் எடையை முதலிலேயே வாளியின் மேல் எழுதிவிட வேண்டும். சாம்பாரும் ரசமும் எடையைக் கூட்டிவிடும் என்பதால் தட்டு வாளிக்கு மேல் ஒரு பெரிய சல்லடை வைத்தோம். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு ஆகியவற்றுக்குச் சின்னதாகத் தனிச் சட்டி. சாப்பிட முடியாததை வீணடித்த கணக்கில் சேர்ப்பது நியாயம் இல்லையே! கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, ஒவ்வொரு வேளையும் எடையை எழுதினோம். பெயரும் இல்லை, அறிவுரையும் இல்லை, எடை மட்டும். யார் தட்டில் எவ்வளவு மீதி என்று பார்ப்பதில்லை என்பதில் கறாராக இருந்தோம். பசிக்குக் கேட்டு வாங்கிவிட்டு உடம்பு சரியில்லாமல் வைத்துவிடுகிற பிள்ளையை நாலு பேர் முன் கூனிக்குறுக வைப்பதற்காக இதைத் தொடங்கவில்லை.

உப்புமா, கிச்சடி நாட்களில் தட்டு வாளி கனத்தது. இட்லி நாட்களில் பாதிகூட இல்லை. இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இரண்டாவது வாளி. பாத்திரத்தில் மீந்தது பெரும்பாலான வேளைகளில் தட்டில் மீந்ததைவிட அதிகம். வெள்ளி இரவிலும் சனிக்கிழமை முழுவதும் அந்த வாளி நிரம்பி வழிந்தது. "உணவை வீணாக்காதீர்" என்று இத்தனை வருடமாகச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் பலகைகள் எல்லாம் சாப்பிடுகிறவளைப் பார்த்தே பேசுகின்றன. ஆனால் பெரிய ஓட்டை இருந்தது, யார் சாப்பிட வருகிறார்கள் என்ற தகவல் சமையல்கட்டுக்குப் போய்ச் சேராத இடத்தில். அண்ணாச்சி முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார், தராசு அதை உறுதி செய்தது.

ஒவ்வொரு மாடியிலும் ஒரு தாள் தொங்கவிட்டோம். மறுநாள் எந்த வேளைக்கு இல்லையோ அந்தக் கட்டத்தில் அறை எண்ணை இரவு எட்டு மணிக்குள் எழுத வேண்டும். மெஸ் ரெப் அதைக் கூட்டி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவார். இதற்குச் செயலி செய்யலாம் என்று கணினித் துறைத் தோழி ஒருத்தி சொன்னாள். தாளே போதும் என்று வைத்துக்கொண்டோம், அது நன்றாகவே ஓடுகிறது.

"மீந்ததைப் பன்றிப் பண்ணைக்காரர் எடுத்துட்டுப் போறாரே, அப்புறம் என்ன வீண்?" என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. அவர் வராத நாட்களில் அது விடுதிக்குப் பின்னால் பள்ளத்தில் விழுகிறது. காற்றுப் புகாமல் அழுகும் சோறு மீத்தேனை வெளியிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு. பன்றிக்கே போனாலும், அந்த அரிசியை விளைவிக்கத் தண்ணீர் கட்டிய வயலிலிருந்து கிளம்பிய மீத்தேனும், வேகவைத்த சிலிண்டரும் திரும்பி வராது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. உணவு இழப்பும் விரயமும் சேர்ந்து உலகப் பசுமை இல்ல வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம். இந்த எண்களை வாரத்தின் கடைசியில்தான் சொன்னோம், கரும்பலகையில் எங்கள் எடைகளைப் பார்த்துப் பழகிய பிறகு.

காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு மாலை ஒதுக்கியிருந்தோம். பனிக்கரடிப் படம் எதுவும் காட்டவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் இரண்டு மாவட்டங்களும் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, இந்தப் பகுதியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த மாலைக்காகப் புவியியல் துறைத் தோழிகள் ஒரு நீளக் காடாத் துணியில் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியை வரைந்தார்கள். அவரவர் ஊர் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும்: தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தால் பச்சை, இடுப்பு வரை என்றால் சிவப்பு, தலைக்கு மேல் என்றால் கறுப்பு. ஏரல் பக்கம் கறுப்புப் பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்டிவிட்டுச் சும்மா போகவில்லை யாரும். ஆடு போனது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நனைந்தது, மொட்டை மாடியில் ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தது என்று ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை.

அதன் பிறகுதான் இயற்பியல் மேடம் பேசினார். ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அது இறங்கும்போது கனமழை இன்னும் கனமாகும் என்று விளக்கினார். ஒரே ஒரு மழையைக் காட்டி இது முழுக்கக் காலநிலை மாற்றம்தான் என்று சொல்லிவிடக் கூடாது. ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு, தூர்ந்துபோன குளங்கள், உடைந்த கரைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நான் கேட்ட வகுப்புகளில் அவ்வளவு அமைதியாக எல்லோரும் கவனித்த வகுப்பு வேறு இல்லை. அந்தத் துணி இப்போது நூலக வாசலில் தொங்குகிறது.

நிறைவு நாளுக்குச் சிறப்பு விருந்தினராகப் பக்கத்து ஊராட்சியின் தூய்மைக் காவலர் அக்காவை அழைத்தோம். பொன்னாடைக்குப் பதில் நல்ல கைத்தறித் துண்டு, காபி மெஸ் எவர்சில்வர் டம்ளரில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்கா மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் விடுதிக் குப்பையையே தரையில் கொட்டிப் பிரித்துக் காட்டினார். "சோறு தனியா இருந்தா உரம். அதுல ஒரு நாப்கின் விழுந்துட்டா எல்லாமே குப்பதான் பிள்ளையளா. அத நாங்க கையாலதான் பிரிக்கோம்." மறுநாளே கழிவறைகளில் மூடி போட்ட தனிக் கூடைகள் வைக்க வார்டன் மேடம் ஏற்பாடு செய்தார்.

உரக்குழிக்கு வளாகத்தில் தினமும் எரித்துக்கொண்டிருந்த சருகு உதவியது. சருகு ஓர் அடுக்கு, காய்கறித் தோல் ஓர் அடுக்கு, நடுவில் கரைத்த சாணம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் சருகு போட்டுக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். கன்று நடுதலும் நடந்தது. புங்கன், பூவரசு, நாவல் நட்டோம். ஊராட்சி அனுமதியோடு குளக்கரையில் பனை விதை ஊன்றினோம்.

தலைக்கணக்குத் தாள் இப்போது மெஸ் கமிட்டியின் வேலையாகிவிட்டது. முன்னைவிடச் சிலிண்டர் கூடுதல் நாள் ஓடுகிறது என்று அண்ணாச்சியே சொல்கிறார். இந்த முறை ஜூனியர்கள் தண்ணீரைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று அளந்து, அதைக் கழிவறைத் தொட்டிக்குத் திருப்பலாமா என்று பார்க்கப் போகிறார்கள். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், துறைத் தலைவர் கையெழுத்து ஆகிவிட்டது.