மூன்றாவது வாளி

முகாமுக்குப் போனால் பாத்திரம் கழுவும் வேலையை இப்போதெல்லாம் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒருமுறை ஓடைத் தண்ணீரில் தட்டுகளை அலசி அப்படியே அடுக்கிவிட்டோம். மறுநாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தை போர்வைக்குள் சுருண்டு கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

முதலில் மிச்சம் மீதியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் காகிதத்தால் வழித்துவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு சூடான சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, அலச நல்ல தண்ணீர் ஒரு வாளி. பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான்: 4 லிட்டர் குடிதண்ணீருக்கு வாசனை சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் (கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) 1 தேக்கரண்டி. தட்டு அதில் முழுசாக மூழ்கி 1 நிமிடமாவது இருக்கணும். எடுத்ததும் துணியால் துடைக்காதீர்கள், கிருமி திரும்ப ஒட்டிக்கொள்ளும். வலைப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிடுங்கள், காற்றே உலர்த்திவிடும்.

இன்னொன்று. மக்கும் சோப்பாகவே இருந்தாலும் ஓடையில் கலக்க வேண்டாம், தயவுசெய்து. 60 மீட்டராவது தள்ளிப்போய்க் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரை வடிகட்டி, உணவுத் துணுக்குகளைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு, தண்ணீரை மண்ணில் பரவலாக வீசி ஊற்றுங்கள்.