கணவாயில் வளைந்த ராடு

என் ஸ்விஃப்ட் டீசல் 2012-ல் வாங்கியது. 1,38,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயில், ஃபில்டர், ஒரு தடவை கிளட்ச், அவ்வளவுதான் செலவு. மருந்து ஏஜென்சி வேலை. வாரத்துக்கு மூணு நாள் மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி போய்த் திரும்புவேன். பின்சீட்டை மடக்கிவிட்டால் அட்டைப்பெட்டி கூரை வரை ஏறும். அப்படி ஏற்றியும் ஒருநாள் வழியில் நின்றதில்லை. அந்த வண்டியில் கை வைத்தது நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரீமேப் போடும் கடை ஒன்று. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி சக்தியைக் கூட்டுவதுதான் ரீமேப். பேர் வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே லேப்டாப் ஒயரைச் சொருகினார்கள், முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது, 18,000 ரூபாய். கம்பெனி கொடுத்தது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. இவர்கள் தருவதாகச் சொன்னது 100-ம் 245-ம்.

“உள்ள எதையும் மாத்த வேணாமா தம்பி?”

“வேணாம்ண்ணே. இதே இன்ஜின்தான் எர்டிகாவுல 90 குடுக்குது. கம்பெனி போட்ட பார்ட்ஸே தாங்கும்ண்ணே.”

பாதி உண்மை என்பதால்தான் அந்தப் பேச்சில் விழுந்தேன். எர்டிகாவில் அதே 1,248 சிசி இன்ஜின் 90 குதிரைத்திறன் தந்தது வாஸ்தவம். ஆனால் டார்க் எவ்வளவு? 200. வெறும் 10 தான் கூடுதல்! குதிரைத்திறன் என்பது டார்க்கையும் இன்ஜின் சுற்றுகிற வேகத்தையும் (ஆர்பிஎம்) பெருக்கி வருவது. கம்பெனிக்காரன், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஊதுகிற டர்போவையே வேறு ரகமாகப் போட்டு, மேல் ஆர்பிஎம்மில் இன்ஜினை மூச்சுவிட வைத்து அந்தக் கூடுதலை எடுத்தான். பிஸ்டன் மேல் விழுகிற அடியை அவன் அதிகம் கூட்டவில்லை. என் வண்டியில் கூட்டியது அந்த அடியைத்தான். இதெல்லாம் எனக்கு உறைத்தது பணம் போன பிறகு.

பிஸ்டனின் விட்டம் 69.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், உள்ளே அழுத்தம் 100 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஏறும்போது அதன் தலையில் கிட்டத்தட்ட 3.9 டன் உட்காருகிறது. டீசல் இன்ஜினில் 100 பார் என்பது சர்வசாதாரணம், அதற்கு மேலும் போகும். மேலே ஏற்றுகிற ஒவ்வொரு 10 பாருக்கும் இன்னொரு 390 கிலோ. அத்தனையும் இறங்குவது, பிஸ்டனையும் கீழே சுற்றுகிற கிராங்க்கையும் இணைக்கிற ஒரு கனெக்டிங் ராடு மேல்.

முதல் அஞ்சு மாசம் ராஜா மாதிரி ஓட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் முன்னெல்லாம் மூணாவது கியருக்கு இறக்குவேன். ரீமேப்புக்குப் பிறகு இறக்குவதே இல்லை. அஞ்சாவது கியர், 1,700, 1,800 ஆர்பிஎம், முழு மிதி. வண்டி முனகாமல் ஏறும். அந்தச் சுகம்தான் வினை. சுற்று குறைவாக இருக்கும்போதே டர்போ முழுசாக ஊதி, டீசலும் கூடுதலாக இறங்கினால், மெதுவாக நகர்கிற பிஸ்டன் மேல் அழுத்தம் தங்கி நின்று அமுக்கும். அதே வேலையை மூணாவது கியரில் செய்திருந்தால் ஒவ்வொரு அடியும் சின்னதாக இருந்திருக்கும்.

ஒரு மே மாசம், மாசக் கடைசி, முழு லோடு. கணவாயில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆண்டிபட்டி போய் நிறுத்தினேன். ஐடிலில் வண்டி காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்கியது, புகை வெள்ளையாக வந்தது.

செல்லூரில் நான் எப்போதும் விடுகிற மெக்கானிக் பாயிடம் ஏற்றிக்கொண்டு வந்தோம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு, கிராங்க்கைச் சுற்றி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்தார். “நகத்த வச்சுத் தடவுங்க தம்பி.” நாலில் மூன்று பிஸ்டன் ஒரே மட்டத்தில் நின்றன. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் நகம் விளிம்பில் சறுக்கிக் கீழே இறங்கியது. டயல் கேஜில் 0.8 மில்லி குறைவு. ராடைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தார். விரலால் தொட்டதும் ஆடியது, சமமில்லாத ஸ்டூல் மாதிரி. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிஸ்டன் பக்கவாட்டில் ஒரே பக்கம் கோடு கோடாகச் சிராய்ப்பு, பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் பல்லிளித்தது.

“ஒடஞ்சிருந்தா பிளாக்கக் கிழிச்சுட்டு வெளிய வந்திருக்கும். வளைஞ்சதோட விட்டுச்சே, அல்லா காப்பாத்துனான்.”

காலேஜ் காலத்தில் ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தேன். 98 சிசி. ரவுண்டு அரம் வாங்கி சிலிண்டருக்குக் காற்றும் புகையும் போய்வருகிற துளையை, அதுதான் போர்ட், நானே ராவுவேன். திருப்பரங்குன்றம் போகிற வழியில் பிஸ்டன் ஜாம் ஆகி ரோட்டில் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு பிஸ்டன், ஒரு போர், மறுபடியும் அரம். அந்தத் தைரியத்தை நாலு சிலிண்டர் டீசலுக்கும் கொண்டுவந்தது என் புத்தி.

அக்கா மகன் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறான். “பெட்ரோல்ல ராடு இப்பிடி வளையாது மாமா” என்கிறான். அங்கே வேறு கதை மாப்ள. பூஸ்ட்டை, அதாவது டர்போ ஊதுகிற அழுத்தத்தைக் கூட்டினால் ‘நாக்’ அடிக்கும், பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கும். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காருகிற பள்ளங்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய சுவர் பிஸ்கட் மாதிரி உடையும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரிகிற வாயு 2,000 டிகிரியைத் தாண்டும். ரிங் வழியாகவும் ஆயில் வழியாகவும் சூடு இறங்குவதால்தான் பிஸ்டன் பிழைத்துக் கிடக்கிறது. பையன் கேட்கிற மாதிரி இல்லை.

புதூர் லேத்தில் போர் வேலை, பிஸ்டன் செட், ராடு, பேரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 84,500. பாய் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: “பழைய மேப்ப ஏத்திட்டு வாங்க, அப்பறந்தான் சர்வீசுக்குத் தொடுவேன்.” ரீமேப் கடைக்கே திரும்பப் போனேன். பழைய ஃபைல் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தாய்ங்க. அதைத் திருப்பி ஏற்ற 3,000 ரூபாய் வாங்குனாய்ங்க.