நிஹொன்பாஷியில் விலை பேசாத கடைகள்

டோக்கியோவுக்குப் போகிறோம், எதைப் பார்க்கலாம் என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் இப்போது ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: கோபுரங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒதுக்கிய நாட்களில் ஒன்றை மிச்சம் பிடித்து, நிஹொன்பாஷி என்னும் பழைய வணிகப் பகுதியில் நடக்கும் தூரத்துக்குள் இருக்கும் மிட்சுகோஷி, தகாஷிமயா ஆகிய இரண்டு கடைகளுக்குக் கொடுங்கள். வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே எவருக்கும் இல்லை. வெறுங்கையோடு சுற்றி வருபவரையும் அவர்கள் குனிந்து வணங்கியே அனுப்பிவைக்கிறார்கள்.

மிட்சுகோஷியின் தொடக்கம் ஒரு புடைவைக்கடை. டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட 1673 ஆம் ஆண்டில், மிட்சுய் தகாதோஷி என்ற வணிகர் எச்சிகோயா என்னும் பெயரில் அதைத் திறந்தார். அந்நாளில் பெரிய துணி வணிகர்கள் செல்வந்தர்களின் வீடுகளுக்கே துணியைக் கொண்டுபோய்க் காட்டி, கடனுக்குக் கொடுத்து, ஆண்டில் ஓரிரு தடவைகள் மட்டும் பணம் தண்டுவார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வதும், காத்திருக்கும் காலத்துக்குரிய வட்டியை அந்த விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. தகாதோஷியோ கடைக்கு வருகிறவர் எவராயினும் கைக்காசுக்கு ஒரே விலை என்று வைத்தார். துணியை முழுச் சுருளாகத்தான் வாங்கவேண்டும் என்ற நிலையையும் மாற்றி, கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். நமது ஊரிலும் சைக்கிளில் புடைவைப் பொதி கட்டி வந்து தவணைக்குக் கொடுத்தவர்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அது எவ்வளவு துணிச்சலான மாற்றம் என்பது விளங்கும். 1904 இல்தான் அந்தக் கடை, மேலைநாடுகளில் உள்ளதைப் போன்ற பல்பொருள் அங்காடியாகத் தன்னை மாற்றிக்கொள்வதாக அறிவித்தது.

இந்த வரலாறு எதுவும் என்னோடு வந்த மாமிக்குத் தேவைப்படவில்லை. பெரியகடைப் புடைவைக்கடைகளில் ஐம்பது ஆண்டுகளாகப் பேரம் பேசிப் பழகியவர் அவர். மிட்சுகோஷியில் கைக்குட்டைப் பெட்டிகள் இரண்டைத் தெரிந்தெடுத்துவிட்டு, "தம்பி, ரெண்டு பெட்டி எடுத்தால் ஏதும் குறைப்பினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரும்" என்றார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விற்பனைப் பெண் முகம் கோணாமல் மன்னிப்புக் கேட்டிருப்பாரே தவிர, விலை அசைந்திருக்காது.

ஆனால் அந்தக் கைக்குட்டைகளைப் பொதி செய்த விதத்தைக் கண்டதும் மாமி வாயடைத்து நின்றுவிட்டார். தாளின் மேல் பெட்டியை நேராக வைக்காமல் சாய்த்து வைத்து, ஒரு மூலையை மடித்து ஏற்றி, பெட்டியை உருட்டிக்கொண்டே போனார் அந்தப் பெண். ஒவ்வொரு புரட்டலிலும் தாளின் மிகுதி தானாகவே உள்ளே போய் மடிந்தது. கடைசி மூலை வந்து படிந்த இடத்தில் சிறு துண்டு ஒட்டுத்தாள், அவ்வளவுதான். வெள்ளையில் சிவப்பு வடிவங்கள் கொண்ட அந்தத் தாளை 1950 இல் வரைந்தவர் இனொகுமா கென்இச்சிரோ என்ற ஓவியர். கடற்கரையில் அலை தேய்த்து உருட்டிய கற்களைப் பார்த்து அந்த வடிவங்களை அமைத்தாராம். அதில் கடையின் பெயரை எழுதியவர் அப்போது அங்கே வேலை செய்த யனாசே தகாஷி. பின்னாளில் யப்பானியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த அன்பன்மான் என்ற பாத்திரத்தைப் படைத்தவர் இவரே. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால், தாள் பையின் மேல் கேட்காமலே ஒரு பொலித்தீன் உறையையும் மாட்டிக் கொடுத்தார்கள்.

தகாஷிமயா 1831 இல் கியோத்தோவில் பிறந்த கடை. அதன் நிஹொன்பாஷிக் கட்டடம் 1933 இல் எழுந்தது. 2009 இல் நாட்டின் முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. சீருடையும் தொப்பியும் அணிந்த பணிப்பெண் கையால் இயக்கும் பழைய மின்தூக்கிகளில் ஏறி இறங்குவதற்காகவே அங்கே போகலாம். 1950களின் தொடக்கத்தில் இதன் மொட்டைமாடியில் ஒரு யானைக்குட்டியை வளர்த்திருக்கிறார்கள். அது பெரிதானபின் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போனதாம்.

எனக்கு மேல்மாடிகளைவிடப் பிடித்தது நிலத்தடி உணவுத் தளம். ஊறுகாய், பொரியல், மீன், இனிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகள். சமைத்த கறிகளுக்கு நூறு கிராமுக்கு இவ்வளவு என்று விலை எழுதியிருக்கும். பழுதாகக்கூடியதை வாங்கினால், வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்து, அதற்கேற்பப் பனிப்பொதியைச் சேர்த்துக் கட்டுவார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை, மாமிக்கு மரக்கறிச் சாப்பாடு. இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்கவேண்டும். வெறும் மரக்கறி போலத் தோன்றும் பெரும்பாலான யப்பானியக் கறிகளும், அவித்த சோயாத் தயிர்க்கட்டியும்கூட, தாஷி எனப்படும் சாற்றில் வெந்தவையாக இருக்கும். அந்தச் சாறு பொதுவாகச் சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லைப் போல உலர்த்திச் சீவிய துருவலில் இருந்து வருவது. நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே மீன்தான். மாமிக்குக் கடைசியில் கிடைத்தது செக்கிஹான்: ஒட்டும் அரிசியைச் சிறு சிவப்புப் பயற்றோடும் அது வெந்த நீரோடும் சேர்த்து அவித்து, எள்ளும் உப்பும் தூவிய சோறு. நல்ல காரியங்களுக்குச் சமைப்பது, மீன் சேராதது. மழை விட்டதும் மொட்டைமாடித் தோட்டத்துக்குப் போய் வாங்கில் இருந்து சாப்பிட்டோம். உணவுத் தளத்தில் நடந்துகொண்டே தின்பது அங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

மேலே இருந்து உண்ண விரும்புபவர்களுக்கு உணவகங்கள் உண்டு. சோற்றுக் குவியலின் மேல் குட்டிக் கொடி நட்டுக் கொடுக்கும் சிறுவர் சாப்பாட்டுத் தட்டை 1930 இல் முதன்முதலாக அறிமுகப்படுத்தியது மிட்சுகோஷி என்பார்கள். நாங்கள் வாசலில் வைத்திருந்த உணவு மாதிரிகளைப் பார்த்ததோடு சரி. விலை நமது ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது.

மாலையில், கடை மூடும் நேரம் நெருங்கியபோது, நிலத்தடியில் பணியாளர்கள் மிஞ்சிய சாப்பாட்டுப் பெட்டிகளில் சிவப்பு ஒட்டுச்சீட்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள்: இருபது வீதம் தள்ளுபடி, பிறகு முப்பது. மாமி மூன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டு, "வாய் திறக்க முதலே குறைக்கினம், இப்பிடியெண்டால் ஆர் பேரம் பேசுறது?" என்றார். வெளியே எடுத்துச் செல்லும் உணவுக்கு விற்பனை வரி எட்டு வீதம், அங்கேயே இருந்து உண்டால் பத்து வீதம் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஊருக்குக் கொண்டுவர மரப்பெட்டியில் வீற்றிருக்கும் முலாம்பழத்தை நினைக்கவேண்டாம். விலையும் அதிகம், பயணத்தையும் தாங்காது. பயற்றையும் சீனியையும் கடற்பாசியையும் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய யோக்கான் என்னும் இனிப்பை வாங்குங்கள். திறக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, மீனும் இல்லை. மிக மெல்லிய துண்டாக வெட்டி, சீனி போடாத தேநீரோடு கொடுக்கவேண்டும். நமது வழக்கப்படி பெரிய துண்டாக வெட்டினால் இரண்டாவது துண்டை எவரும் கேட்கமாட்டார்கள்.